மொரீசியஸ் கடலில் மூழ்குவோருக்கு: படகில் ஆக்சிஜன் எவ்வளவு, யார் கையில், எதுவரை

படகில் எவ்வளவு ஆக்சிஜன் வைத்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை, அந்தப் படகு நங்கூரமிடும் இடத்துக்கும் மருத்துவமனை வாசலுக்கும் இடையே உள்ள நேரத்தில்தான் இருக்கிறது. மூழ்குநர்களை அழைத்துச் செல்லும் படகுக்காரரிடம் விசாரித்தால், "சிலிண்டர் இருக்கிறது" என்ற பதில் கிடைக்கும். அதில் இன்று எத்தனை லிட்டர் இருக்கிறது, அது எத்தனை நிமிடம் வரும், படகில் இருப்பவர்களில் அதைப் பொருத்தத் தெரிந்தவர் யார் என்று தொடர்ந்து கேட்க வேண்டும். இவற்றுக்கும் பதில் கிடைத்தால்தான் அதை முன்னேற்பாடு என்று சொல்லலாம். கிராண்ட் பே, ஃப்ளிக் ஆன் ஃப்ளாக், பெல் மார் என்று எங்கிருந்து கடலுக்குப் போனாலும் இந்தக் கணக்கைக் கரையிலேயே முடித்துவிடுவது எப்படி என்பதையும், ஆழத்திலிருந்து மேலேறுபவரின் உடலில் வாயுக் குமிழிகள் உண்டாகும் அழுத்தத் தளர்வு நோய் வந்துவிட்டால் முதல் நிமிடங்களில் செய்ய வேண்டியவற்றையும் இங்கே விளக்குகிறேன். இது பயிற்சிக்கு மாற்று ஆகாது. ஆக்சிஜன் அளிக்கும் முதலுதவிப் பயிற்சி சில மணி நேரத்தில் முடிந்துவிடுவது. தொடர்ந்து மூழ்குகிற ஒவ்வொருவரும் அதைப் பெற்றிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உடலுக்குள் நடப்பது

கடல்மட்டத்தில் நம்மீது ஏறத்தாழ 1 பார் அழுத்தம் இருக்கிறது. நீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு பார் கூடுவதால், 30 மீட்டர் ஆழத்தில் மூழ்குநர் 4 பார் அழுத்தத்தில் சுவாசிக்கிறார். அந்த அழுத்தத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்புத் திசுக்களிலும் கரைந்து சேர்கிறது. நிதானமாக மேலேறுபவரின் உடலிலிருந்து அது நுரையீரல் வழியாக வெளியேறிவிடும். ஏற்றம் வேகமானதாக இருந்தாலோ, ஆழத்தில் கழித்த நேரம் நீண்டிருந்தாலோ, கரைந்திருந்த வாயு திசுக்களிலும் இரத்தத்திலும் குமிழிகளாகிறது. இதுவே அழுத்தத் தளர்வு நோய். மூழ்குநர்கள் பேச்சில் இதை 'பென்ட்ஸ்' என்பார்கள்.

இதன் பக்கத்திலேயே இன்னொரு ஆபத்தும் உண்டு. மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறுபவரின் நுரையீரலுக்குள் காற்று விரிந்து, மெல்லிய சுவர்கள் கிழிந்து, குமிழிகள் நேராகத் தமனி இரத்தத்தில் புகுந்து மூளையை அடையலாம். இதற்குப் பெரிய ஆழம் தேவையில்லை. ஒன்றரை மீட்டர் அளவே போதும். ஆகவே, கிராண்ட் பேயில் தலைக்கவசம் அணிந்து சில மீட்டர் ஆழத்தில் கடலடியில் நடக்க வரும் உறவினர்களை, நீந்தத் தெரியாதவர்கள்தானே, ஆழமும் குறைவுதானே என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. பயந்துபோய் மூச்சைப் பிடித்தபடி மேலே எழக் கூடாது என்று அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். இந்த இரண்டில் எது நேர்ந்தது என்று படகில் ஆராய்ந்துகொண்டிருக்கத் தேவையில்லை, ஏனெனில் இரண்டுக்கும் முதலுதவி ஒன்றே.

அந்த முதலுதவி தூய ஆக்சிஜன். நைட்ரஜனே கலவாத வாயுவைச் சுவாசிக்கும்போது, உடலில் தேங்கியுள்ள நைட்ரஜன் இரத்தத்துக்கு வந்து நுரையீரல் வழியாக வெளியேறும் வேகம் கூடுகிறது, குமிழிகள் சுருங்குகின்றன, குமிழி அடைத்ததால் ஆக்சிஜன் கிடைக்காமல் தவிக்கும் திசுவுக்கும் அது போய்ச் சேர்கிறது. குமிழிகளுக்குக் காரணம் நைட்ரஜன்தான் என்று காட்டிய பிரெஞ்சு உடலியலாளர் பால் பேர்ட், 1878-லேயே ஆக்சிஜனின் பயனையும் எடுத்துச் சொல்லியிருந்தார். ஆனாலும், பொழுதுபோக்கு மூழ்குநர்களின் 2231 காயங்களை ஆராய்ந்து 2007-இல் வெளியான ஆய்வில், முதலுதவியாக ஆக்சிஜன் பெற்றவர்கள் பாதிக்கும் குறைவு, 47 சதவீதம் மட்டுமே. பெற்றவர்களிலும், நீரிலிருந்து வெளிவந்த பிறகு அது கிடைக்க ஆன இடைநிலை நேரம் 4 மணி நேரம். மருந்து தெரிந்திருந்தும் அது முகத்துக்கு வந்து சேராத இந்தத் தாமதத்தைக் குறைப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

சிலிண்டர் கணக்கு

சிலிண்டரின் நீர்க்கொள்ளளவை அதிலுள்ள அழுத்தத்தால் பெருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ எத்தனை லிட்டர் ஆக்சிஜன் என்பது. 5 லிட்டர் சிலிண்டர் 200 பாரில் இருந்தால் 1000 லிட்டர். வெளிவிட்ட மூச்சைத் திரும்ப இழுக்காதபடி அமைந்த, பையுள்ள நான்-ரீபிரீதர் மாஸ்க்கை நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் ஓடவிட்டால், அந்த 1000 லிட்டர் 66 நிமிடத்தில் தீர்ந்துவிடும். 3 லிட்டர் சிலிண்டரானால் 40 நிமிடம். அளவுமானி 200-க்குப் பதில் 120 பார் காட்டினால், 5 லிட்டர் சிலிண்டரும் 40 நிமிடத்துக்கு இறங்கிவிடும்.

இப்போது பயணத்தைக் கணக்கிடுவோம். கொவான் தெ மிர் தீவருகே மூழ்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நோயுடன் மேலே வருகிறார். மற்றவர்கள் இன்னும் நீருக்குள் இருக்கிறார்கள். அவர்களை மேலே அழைத்து, ஏற்றிக்கொண்டு, நங்கூரத்தை இழுத்து, அலைமேட்டில் வேகத்தைக் குறைத்துக் கரை சேர்ந்து, ஆம்புலன்ஸ் ஊழியர்கள் தங்கள் மாஸ்க்கை மாற்றிப் பொருத்தும் வரை 90 நிமிடம் என்று கொள்வது மிகையல்ல. நிமிடத்துக்கு 15 லிட்டர் என்றால் 1350 லிட்டர். கசிவுக்கும் தாமதத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் 1800 லிட்டர். இணைந்து மூழ்கியவர்கள் ஒரே ஆழத்தில் ஒரே நேரம் இருந்திருப்பார்கள் என்பதால் இருவருக்கும் அறிகுறி வரலாம். ஆகவே இருவருக்கு 3600 லிட்டர். 10 லிட்டர் சிலிண்டர்கள் இரண்டு நிறைந்திருந்தால்தான் இது சாத்தியம். ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் இருக்குமே என்பது உண்மைதான். ஆனால் அது வந்து சேரும் வரை உங்கள் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

டிமாண்ட் வால்வு இந்தக் கணக்கைக் கணிசமாகக் குறைக்கும். மூழ்குநர் நீருக்குள் பயன்படுத்தும் ரெகுலேட்டரைப் போல, மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டுமே அது வாயுவை விடுகிறது. மாஸ்க் முகத்தில் இறுகப் பொருந்தியிருந்தால், வெளிக்காற்று கலவாத ஆக்சிஜன் கிடைக்கும். அமைதியாகப் படுத்திருப்பவருக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று கொண்டால், 90 நிமிடத்துக்கு 900 லிட்டர், இருவருக்கு 1800, மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் 2400. ஒரு 10 லிட்டரும் ஒரு 5 லிட்டரும் போதுமானவை. நினைவிழந்து வலுவற்று மூச்சுவிடுபவரால் அந்த வால்வை இழுத்துத் திறக்க முடியாமல் போகலாம் என்பதால், வால்வும் தொடர் ஓட்டமும் ஒரே ரெகுலேட்டரில் உள்ள கருவியையே வாங்க வேண்டும். கூடவே, செயற்கை மூச்சு அளிக்க ஆக்சிஜன் குழாய் பொருத்தக்கூடிய பாக்கெட் மாஸ்க் ஒன்றும் பெட்டியில் இருக்கட்டும். மூக்கில் செருகும் மெல்லிய குழாய் இந்த வேலைக்குப் போதாது.

பெட்டியைப் பேணுதல்

உப்பும் ஈரமும் உலோகத்தை அரித்துவிடும் கடலில், இறுக மூடும் கெட்டியான பெட்டிக்குள் சிலிண்டரை வைத்து, ரெகுலேட்டரையும் மாஸ்க்குகளையும் அதிலேயே சேர்த்து வைக்க வேண்டும். வால்வைத் திறக்கும் சாவியைச் சிலிண்டரின் கழுத்திலேயே கயிற்றால் கட்டுங்கள். ரெகுலேட்டருக்கும் வால்வுக்கும் இடையே வரும் வளையம் ஒன்றை உபரியாக வைத்திருங்கள். அந்தச் சிறு வளையம் தொலைந்தால் நிறைந்த சிலிண்டரும் பயன்படாது. நங்கூரக் கயிற்றுக்கும் மீன்பெட்டிகளுக்கும் அடியில் புதையாமல், கையெட்டும் இடத்தில், நேர்வெயில் படாமல் பெட்டி இருக்க வேண்டும். படகு எடுக்கும் முன் தினமும் அழுத்தத்தைப் பார்த்துக் குறித்துவைப்பது எரிபொருள் அளவைப் பார்ப்பதைப் போலவே வழக்கமாகிவிட வேண்டும். சிலிண்டரின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். தோள் வெள்ளையாக இருப்பது பல நாடுகளின் வழக்கமாயினும், அமெரிக்கச் சிலிண்டர் பச்சையாக இருக்கும். பொறிக்கப்பட்ட பெயரையும் சோதனைத் தேதியையும் படித்தே ஏற்க வேண்டும்.

தீ பற்றிய எச்சரிக்கையை விரிவாகவே சொல்லியாக வேண்டும். ஆக்சிஜன் தானே எரிவதில்லை. மற்றவற்றைக் கடுமையாக எரியவைக்கிறது. எண்ணெய்ப் பசை உள்ள ரெகுலேட்டரில் அழுத்தம் மிகுந்த ஆக்சிஜன் திடீரென்று பாய்ந்தால் அதுவே தீப்பற்றக் காரணமாகலாம். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கை, வெயிலுக்குப் பூசிய களிம்பு, வெளி இயந்திரத்தின் பெட்ரோல் பட்ட துணி ஆகியவை எதுவும் வால்வைத் தொடக் கூடாது. வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். படகில் புகைக்கக் கூடாது. கடலுக்குப் புறப்படும் முன் கற்பூரம் ஏற்றும் பழக்கமுள்ளவர்கள் அதைப் பெட்டியருகே செய்யக் கூடாது. மூடிய அறைக்குள் ஆக்சிஜன் தேங்கும் என்பதால் நோயாளியைக் காற்றோட்டமான இடத்திலேயே படுக்க வைக்க வேண்டும்.

அறிகுறியைக் கண்டதும்

தோள், முழங்கை, முழங்கால் மூட்டுகளில் ஆழ்ந்த வலி. கைகால் மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு. தோலில் வலைபோல் நீலமும் சிவப்பும் கலந்த திட்டுகள். உழைப்புக்குப் பொருந்தாத பெருஞ்சோர்வு. தலைசுற்றல், பேச்சுக் குழறல், கால் வலுவிழத்தல், சிறுநீர் கழிக்க முடியாமை, மூச்சுத் திணறல், இருமல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை அழுத்தத் தளர்வு நோய் என்றே நடத்த வேண்டும். மேலே வந்த சில நிமிடங்களுக்குள் நினைவிழப்பவர் மூளையில் காற்றுக்குமிழி அடைத்தவராக இருக்கக்கூடும். அமெரிக்கக் கடற்படையின் கணக்கில், அழுத்தத் தளர்வு நோயின் அறிகுறிகள் 42 சதவீதம் பேருக்கு முதல் 1 மணி நேரத்துக்குள், 83 சதவீதம் பேருக்கு 8 மணி நேரத்துக்குள், 98 சதவீதம் பேருக்கு 24 மணி நேரத்துக்குள் தோன்றுகின்றன. அதாவது, கணிசமானோருக்கு நோய் வெளிப்படுவது படகில் அல்ல, வீட்டில்.

படகில் வெளிப்பட்டால், நோயாளியை மல்லாந்து சமமாகப் படுக்க வையுங்கள். தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்தும் பழைய முறை மூளை வீக்கத்தை அதிகமாக்கக்கூடும் என்பதால் கைவிடப்பட்டது. நினைவிழந்து மூச்சு மட்டும் விடுபவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். மூச்சே இல்லையென்றால் சிபிஆர். மூழ்கியவருக்கு மார்பை அழுத்துவதோடு செயற்கை மூச்சும் இன்றியமையாதது. இதய அதிர்ச்சிக் கருவியை இயக்கும் கணத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை மார்பிலிருந்து ஒரு மீட்டராவது விலக்கிவிடுங்கள்.

நினைவோடு இருப்பவருக்கு மாஸ்க்கைக் கொடுக்கும்போது என்ன செய்கிறோம் என்று அவருக்குச் சொல்லிவிட்டுப் பொருத்துங்கள். பையுள்ள மாஸ்க் என்றால், பை முழுவதும் உப்பிய பின் முகத்தில் வைத்து, அவர் இழுக்கும்போது பை முற்றிலும் சுருங்கிவிடாதபடி ஓட்டத்தைச் சரிசெய்யுங்கள். தாடியுள்ளவருக்கு விளிம்பில் கசியும் என்பதால், அவரே மாஸ்க்கை அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். சிலிண்டர் தீர்ந்துவிடுமோ என்று அஞ்சி ஓட்டத்தைக் குறைக்காதீர்கள். உயர்ந்த செறிவு கொஞ்ச நேரம் கிடைப்பது, நீர்த்த செறிவு நெடுநேரம் கிடைப்பதைவிட நல்லது. தூய ஆக்சிஜன் நுரையீரலைப் பாதிக்கும் என்ற பயமும் இந்தச் சில மணி நேரத்துக்குப் பொருந்தாது. ஆக்சிஜன் முற்றிலும் இல்லாத படகில், மீதமுள்ள நைட்ராக்ஸ் (காற்றைவிட ஆக்சிஜன் கூடுதலாக உள்ள கலவை) சிலிண்டரைச் சுவாசிப்பது வெறுங்காற்றைவிட மேல்; அதற்குமேல் அதிலிருந்து எதிர்பார்க்க முடியாது.

நன்றாக விழித்திருந்து வாந்தி எடுக்காதவருக்குத் தண்ணீரோ உப்பு-சர்க்கரைக் கரைசலோ சிறு மடக்குகளாகக் கொடுக்கலாம். மது கூடாது. ஈர உடையைக் கழற்றி உலர்ந்த துணியால் போர்த்துங்கள். ஜூலை, ஆகஸ்டு மாதத் தென்கிழக்குக் காற்றில் நனைந்த மூழ்குநர் விரைவில் குளிர்ந்துவிடுவார். மீண்டும் நீருக்குள் இறக்கி அழுத்தத்தில் வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள். பயிற்சியும் கருவியும் இல்லாத நிலையில் அது கூடுதல் வாயுவை ஏற்றும்; நினைவிழப்பு நேர்ந்தால் மரணத்தில் முடியும்.

கரையை நோக்கி

நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஒருவர், தொடர்புக்கு ஒருவர், படகுக்கு ஸ்கிப்பர் என்று முன்னரே பிரித்துக்கொண்டிருந்தால் குழப்பம் குறையும். கடலோரக் காவற்படைக்கு வி.எச்.எஃப். வானொலியின் 16-ஆம் அலைவரிசையிலும், ஆம்புலன்ஸுக்கு 114 என்ற எண்ணில் அவசர மருத்துவச் சேவையான சாமுவுக்கும் தகவல் சொல்லுங்கள். "மூழ்கியவர், அழுத்தத் தளர்வு நோய்ச் சந்தேகம், ஆக்சிஜன் ஓடுகிறது, இந்தத் துறையில் இத்தனை மணிக்கு இறங்குவோம்" என்ற செய்தியைக் கிரியோலிலும் பிரெஞ்சிலும் ஒரு அட்டையில் எழுதி, நீர் புகாமல் ஒட்டி, பெட்டி மூடியின் உட்புறத்தில் பதித்துவையுங்கள். பதற்றத்தில் சொற்கள் வராது. படகில் வருபவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த விருந்தினராக இருந்து, அந்த மொழிகள் தெரியாவிட்டாலும் அவர்கள் அதைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம்.

நோயாளியை உள்ளே வைத்து அழுத்தத்தைக் கூட்டிச் சிகிச்சை தரும் தீவின் அழுத்த அறை, காந்தோஸ் விக்டோரியா மருத்துவமனையில் இருக்கிறது. அங்கே தரப்படும் சிகிச்சையின் வழக்கமான வடிவம், 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் ஆக்சிஜன் அளிக்கத் தொடங்கி, கிட்டத்தட்ட 5 மணி நேரம் நீடிப்பது. ஆயினும் நோயாளி முதலில் போக வேண்டியது அவசரப் பிரிவுக்கு; அழுத்த அறை வேண்டுமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார். அறை அந்த நேரத்தில் இயங்கு நிலையில் உள்ளதா என்பதை ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் தொலைபேசியில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். டான் என்ற மூழ்குநர் பாதுகாப்பு அமைப்பின் உறுப்பினராக இருந்தால், அட்டையிலுள்ள 24 மணி நேர அவசர எண்ணை அழைத்தால், மூழ்கு மருத்துவம் அறிந்தவரிடம் பேசலாம். உள்ளூர் மருத்துவருக்கும் அது உதவும்.

வழியில் ஒரு நுட்பத்தை மறக்கக் கூடாது. காந்தோஸ் கடற்கரையைவிட சில நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூட வெளியழுத்தம் குறைந்து குமிழிகள் விரிகின்றன. அந்த ஏற்றம் முழுவதும் ஆக்சிஜன் நிற்காமல் ஓட வேண்டும் என்பதும் நம் கணக்கில் சேர வேண்டும். போலீஸ் ஹெலிகாப்டர் வந்தால், பாதுகாப்பு அனுமதிக்கும் அளவில் 300 மீட்டருக்குக் கீழே பறக்கும்படி விமானியிடம் கேளுங்கள். வலிக்கு நைட்ரஸ் ஆக்சைடு கலந்த வாயு தரப்படுமானால் தடுத்துச் சொல்லுங்கள். அது குமிழிக்குள் புகுந்து அதைப் பெரிதாக்கும்.

அறிகுறி தொடங்கிய நேரம், ஆக்சிஜன் தொடங்கிய நேரம், அதிகபட்ச ஆழம், மூழ்கிய நிமிடங்கள், ஏறிய விதம், சிறுநீர் கழித்தாரா என்ற விவரங்களைத் தாளில் எழுதி நோயாளியோடு அனுப்புங்கள். ஆழத்தையும் நேரத்தையும் பதியும் அவரது டைவ் கம்ப்யூட்டரையும் கழற்றிக் கூடவே கொடுங்கள். கை பிடிக்கும் வலிமை, இரு பக்க உணர்வு, முகம், கண் அசைவு, நேரம் இடம் பற்றிய தெளிவு ஆகியவற்றை அவ்வப்போது சோதித்து எழுதுவது மருத்துவருக்குப் பேருதவி. ஆனால் ஆடும் படகில் நிற்கவைத்துச் சமநிலையைச் சோதிக்காதீர்கள்.

மாலையில், வீட்டில்

மதியம் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் மூழ்கியவர் மாலையில் ரோஸ் ஹில் வீட்டில் தோள் வலிக்கிறது என்கிறார். அம்மா தைலத்தைச் சூடாக்கித் தேய்த்துவிடுகிறார். பனடோல் ஒன்றைத் தருகிறார். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். அந்த அன்பில் குறையில்லை, ஆனால் அந்த இரவில்தான் தண்டுவடம் பாதிக்கப்படலாம். மூழ்குபவர் தம் வீட்டாரிடம், "மூழ்கிவிட்டு வந்த 24 மணி நேரத்துக்குள் எனக்கு வலி, மரப்பு, தள்ளாட்டம் எது வந்தாலும் நான் மறுத்தாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்" என்று முன்பே சொல்லிவைத்திருக்க வேண்டும். நோயை ஒப்புக்கொள்ள மனம் வராதது இந்த நோயின் வழக்கமான முகங்களில் ஒன்று. முடிவெடுக்கும் உரிமையை நலமாக இருக்கும்போதே மற்றொருவருக்குக் கொடுத்துவிடுவது அதனால்தான் நல்லது. ஆக்சிஜன் கொடுத்ததும் வலி முற்றிலும் மறைந்துவிட்டாலும் மருத்துவரைப் பார்ப்பதைத் தவிர்க்கக் கூடாது, மறைந்த அறிகுறி சில மணி நேரத்தில் திரும்பக்கூடும்.

தைப்பூசக் காவடி விரத நாட்களில் மூழ்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நீர் குறைவாக அருந்திய உடலோடு ஆழத்துக்குப் போகாதீர்கள். விரதம் முடியும்வரை கடல் காத்திருக்கும்.

மலையும் விமானமும்

தளர்வு நிறுத்தங்கள் (மேலேறும் வழியில் நின்று வாயுவை வெளியேற்றும் இடைநிறுத்தங்கள்) கட்டாயமில்லாத ஒற்றை மூழ்கலுக்குப் பின் 12 மணி நேரம், பல மூழ்கல்களுக்குப் பின் 18 மணி நேரம், அந்த நிறுத்தங்கள் தேவைப்பட்ட மூழ்கலுக்குப் பின் அதனினும் நெடிய இடைவெளி விட்டே விமானம் ஏற வேண்டும் என்பது டானின் பரிந்துரை. ரொட்ரிக்ஸ் தீவுக்குப் போகும் ஒன்றரை மணி நேர விமானத்துக்கும் இது பொருந்தும். குறுகிய பயணம் என்று விலக்குத் தேடிக்கொள்ள வேண்டாம். கியூர்பிப் நகரம் 550 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே வசிப்பவர்கள் ஆழ்ந்த மூழ்கலுக்குப் பின் உடனே வீட்டுக்கு ஏறிப்போகாமல் கடற்கரையில் சில மணி நேரம் தங்கிச் செல்வதையே நான் பரிந்துரைப்பேன். ரொட்ரிக்ஸில் மூழ்குபவர்கள், மேல் சிகிச்சை ஏறத்தாழ 600 கிலோமீட்டர் கடல் தாண்டி இருக்கிறது என்பதை மனத்தில் வைத்து, ஆக்சிஜனைப் பல மணி நேரத்துக்குக் கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும். ஆழத்தையும் நேரத்தையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளவும் வேண்டும்.

சிகிச்சைக்குப் பின்

அழுத்த அறைச் சிகிச்சை முடிந்தவர் எப்போது பறக்கலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பொதுவாகக் குறைந்தது 3 நாட்கள் காத்திருக்கச் சொல்வார்கள். மீண்டும் மூழ்கும் முன் இதயத்தைச் சோதிக்கச் சொல்லவும் கூடும். பிறக்கும் முன் இதயத்தின் மேலறைகளுக்கு இடையே இருந்த திறப்பு, ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு முழுமையாக மூடுவதில்லை. நுரையீரலில் வடிகட்டப்பட வேண்டிய குமிழிகள் அதன் வழியே மூளைக்கும் தோலுக்கும் கடந்துவிடுகின்றன. விதிகளை மீறாமல் மூழ்கியும் நரம்பு அல்லது தோல் அறிகுறி வந்தவர்கள் இந்தச் சோதனையைத் தாமே கேட்டுப் பெறலாம்.

படகுக்காரர் செய்ய வேண்டிய வேலையும் அன்றே இருக்கிறது. பயன்படுத்திய மாஸ்க்கை மாற்றி, சிலிண்டரை நிரப்பக் கொடுத்து, அது நிறைந்து பெட்டிக்குத் திரும்பும் வரை படகை மூழ்குநர்களுடன் வெளியே எடுக்கக் கூடாது.